கேசட்டை ஊதாதீங்க: பழைய டிவி கேம் ஸ்லாட் கோளாறை வீட்லயே சரி பண்ண முழுமையான வழிகாட்டி

கேசட் போட்டா கலர் கலரா கோடு வருது, இல்லாட்டி வெறும் சாம்பல் கலர் ஸ்க்ரீன் மட்டும் நிக்குது, எடுத்து ஊதி போட்டா ஒரு தடவை வருது, அடுத்த தடவை மறுபடி போயிடுது. பாண்டி, கடலூர் பக்கம் பரண்ல கெடந்த டிவி கேமை கீழ எறக்குற எல்லார் வீட்லயும் இதே கதைதான். இதுல பாதி பேர் செட்டு செத்துப்போச்சுன்னு பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்கு போட்டுடறாங்க, அத பாக்கும்போது எனக்கு நெஜமாவே வயிறு எரியுது. ஏன்னா இந்த மாதிரி செட்டுல பெரும்பாலும் உள்ள இருக்குற ஐசி நல்லாதான் இருக்கும், கேசட்டோட தகடும் ஸ்லாட்டோட, அதாவது கேசட் சொருகற வாயோட, பின்னும் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா ஒட்டல, அவ்ளோதான். துடைச்சாலே பாதிக்கு மேல சரியாயிடும், மிச்சத்துக்குதான் மீட்டரும் சால்டரிங் அயர்னும்.

முக்கியமா 60 பின் செட்டைப் பத்திதான் இதுல சொல்றேன். 1983ல ஜப்பான்ல நின்டென்டோ ஃபேமிகாம்னு ஒரு மெஷின் விட்டாங்க. நம்மூர்ல 90கள்ல வீட்டுக்கு வீடு இருந்த சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் எல்லாமே அதைப் பாத்து செஞ்ச காப்பி செட்டுதான், அதனால ஸ்லாட்டும் அதே 60 பின் ஸ்லாட், இந்தப் பக்கம் 30 அந்தப் பக்கம் 30, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவுல 2.54 மில்லிமீட்டர். பேர் என்னவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான். சேகாவோட மெகா டிரைவ், நின்டென்டோவோட கேம்பாய், அப்புறம் பிரான்ஸ்ல இருக்குற சொந்தக்காரங்க கொண்டாந்து குடுத்த என்இஎஸ் (ஃபேமிகாமோட வெளிநாட்டு மாடல்) இதெல்லாம் வச்சிருக்கறவங்களுக்கு பின்னாடி தனியா சொல்றேன்.

ஊதினா ஏன் வருது, அப்புறம் ஏன் போவுது

கேசட்டை கழட்டி பாத்தா பச்சை போர்டு ஓரத்துல வரிசையா தகடு இருக்கும். நல்ல கேசட்டுல செம்பு மேல நிக்கல், அது மேல ரொம்ப மெல்லிசா தங்க முலாம். தங்கம் துரு பிடிக்காது, ஆனா முலாம் அவ்ளோ மெல்லிசு, அதுல கண்ணுக்கு தெரியாத ஓட்டை இருக்கும், அது வழியா ஈரமும் உப்பும் எறங்கி கீழ இருக்குற செம்பைப் புடிச்சுக்கும். விலை கம்மியான கேசட்டுல தங்கம் பேருக்குதான் இருக்கும், சிலதுல ஈயம் பூசி விட்டிருப்பாங்க. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டின வீடுங்கள்ல ஜன்னல் கம்பியே எவ்ளோ சீக்கிரம் அரிச்சு போகுதுன்னு அங்க இருக்கறவங்களுக்கு தெரியும், அதே காத்துதான் கேசட்டுக்குள்ளயும் போகுது. செம்புக் குடத்துல களிம்பு ஏறுற மாதிரி தகடு மேல ஒரு படலம் ஏறிடும், அந்தப் படலம் கரண்ட்டை விடாது.

ஊதும்போது ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, கேசட்டை எடுத்து திரும்ப சொருகறோம், அந்த உரசல்லயே படலம் கொஞ்சம் கிழிஞ்சு கான்டாக்ட் கெடைச்சுடுது, அதனாலதான் வருது, ஊதாம சும்மா எடுத்து போட்டாலே பாதி நேரம் வரும். ரெண்டாவது, வாய்ல இருந்து போற ஈரம் தகடு மேல உக்காருது, அது காய்ஞ்சதும் அந்த எடத்துல இன்னும் அரிக்க ஆரம்பிக்குது. அதனாலதான் நின்டென்டோவே ஊதாதீங்கன்னு எச்சரிக்கை குடுத்து, துடைக்கறதுக்குன்னே தனியா கிட் போட்டு வித்தாங்க. வருஷக்கணக்கா ஊதின கேசட்டை தொறந்து பாத்தா தகட்டோட நுனியில புள்ளி புள்ளியா கருப்பு இருக்கும், பாத்தவுடனே தெரிஞ்சுடும்.

வேணுங்கற சாமான்

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமா ஐபிஏ, 99 பர்சென்ட். மொபைல் சர்வீஸ் கடைங்களுக்கு ஸ்பேர் விக்கிற கடைல கேட்டா குடுப்பாங்க, போர்டு கழுவ அவங்க டெய்லி யூஸ் பண்றதுதான். 70 பர்சென்ட்டு கெடைச்சாலும் பரவால்ல, மீதி தண்ணிங்கறதால காயறதுக்கு கூடுதல் நேரம் விடணும். சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கு, பிசுபிசுன்னு தங்கிடும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் பக்கத்துலயே வரக்கூடாது, பிளாஸ்டிக் கரைஞ்சு வெளுத்துடும்.

அப்புறம் பழைய வேட்டித் துணி, துவைச்சு துவைச்சு நூல் பிரியாத துணியா இருக்கணும். காது குடையற பட்ஸ் கேசட்டுக்கு ஓகே, ஸ்லாட்டுக்குள்ள விடாதீங்க, பஞ்சு இழை பின்னுல மாட்டிக்கிட்டா எடுக்கறது பெரும் பாடு. வெள்ளை பென்சில் ரப்பர் ஒண்ணு, எக்ஸ்பயரி ஆன ஏடிஎம் கார்டு ஒண்ணு, பழைய டூத் பிரஷ், ஸ்க்ரூ டிரைவர் செட், தையல் ஊசி, பஸ்ஸர் அடிக்கிற சாதா மல்டிமீட்டர். ஒரிஜினல் நின்டென்டோ, சேகா கேசட்டுல சாதா ஸ்க்ரூ இருக்காது, 3.8 மில்லிமீட்டர் கேம் பிட் வேணும், பெரிய செட்டுங்க சிலதுக்கு 4.5. நம்மூர் கேசட் பெரும்பாலும் சாதா ஸ்டார் ஸ்க்ரூ, இல்லாட்டி லாக் மட்டும்தான், நகத்தால நெம்பினாலே தொறக்கும்.

முதல்ல எது கோளாறுன்னு பிரிங்க

இந்த எடத்துல அவசரப்படாதீங்க, கை வைக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா டெஸ்ட் பண்ணுங்க. கைல ரெண்டு மூணு கேசட் இருக்கணும், இல்லாட்டி பக்கத்து வீட்ல, ஃப்ரெண்டுகிட்ட வாங்குங்க. எல்லா கேசட்டும் சொதப்பினா ஸ்லாட்டோ கரண்ட்டோ. ஒரே ஒரு கேசட் மட்டும் சொதப்பினா அந்த கேசட்தான், செட்டை தொறக்கவே வேண்டாம்.

அடுத்தது அடாப்டர். கரண்ட் பத்தலன்னாலும் பாக்கறதுக்கு அச்சு அசல் ஸ்லாட் கோளாறு மாதிரியேதான் இருக்கும், கோடு வரும், ஹேங் ஆகும், ரீசெட் ஆகும். நெறைய செட்டுல உள்ள 7805னு ஒரு மூணு கால் ஐசி வெளிய இருந்து வர்ற 9 வோல்ட்டை 5 வோல்ட்டா குறைச்சு குடுக்கும், அதுக்கு ஒழுங்கா வேலை செய்ய ஏறக்குறைய 7 வோல்ட்டாவது உள்ள வரணும். பழைய அடாப்டர் சும்மா இருக்கும்போது மீட்டர்ல நல்லா காட்டும், செட்டை ஆன் பண்ணதும் தொங்கிடும், அதனால ஆன்ல வச்சே பாருங்க. 7805ல எழுத்து இருக்குற பக்கம் உங்களைப் பாத்த மாதிரி இருந்தா இடது கால்ல வரவு, நடு கால் கிரவுண்ட், வலது கால்ல 5 வோல்ட். வலது கால்ல 4.75க்கு கீழ எறங்கினா ஸ்லாட்டை விட்டுட்டு முதல்ல அடாப்டரைப் பாருங்க. புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் மட்டும் பாக்காதீங்க, பின்னோட நடுவுல பிளஸ்ஸா மைனஸான்னு செட்டு அடியில போட்டிருக்குற படத்தைப் பாத்து வாங்குங்க, ஒரிஜினல் ஃபேமிகாம்ல நடுவுல மைனஸ், காப்பி செட்டுல கம்பெனிக்கு கம்பெனி மாறும், தலைகீழா குடுத்தா செட்டு போனாலும் போயிடும்.

கரண்ட் சரின்னா இப்ப ஸ்க்ரீன் என்ன சொல்லுதுன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இந்த செட்டுல ரெண்டு பெரிய வேலைக்காரங்க, ஒண்ணு சிபியு, கேமை ஓட்டறது, சத்தமும் அதுதான். இன்னொண்ணு பிபியு, படம் வரையறது. சாதா கேசட்டுக்குள்ளயும் அதே மாதிரி ரெண்டு ரோம், அதாவது கேமைப் பதிஞ்சு வச்ச சிப், ஒண்ணு சிபியுவுக்கு, ஒண்ணு படத்துக்கு. 60 பின்னுல ஒரு பாதி, அதாவது 1ல இருந்து 16, 31ல இருந்து 46, சிபியு பக்கம். மறு பாதி, 17ல இருந்து 30, 47ல இருந்து 60, படத்தோட பக்கம். 1க்கு நேர் பின்னாடி 31 வர்றதால ஸ்லாட்டை நடுவுல பிரிச்சா இந்தப் பாதி சிபியு அந்தப் பாதி பிபியுன்னு ஆயிடுது.

இதை வச்சு என்ன பண்ணலாம்னா, மியூசிக் ஒழுங்கா ஓடுது, பட்டன் அழுத்தினா சத்தம் மாறுது, ஆனா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா சிதறி கெடக்குதுன்னா சிபியு பக்கம் நல்லாருக்கு, படத்தோட பாதில எங்கயோ ஒரு தகடு ஒட்டல. ஒண்ணுமே ஸ்டார்ட் ஆகல, ஒரே கலர்ல ஸ்க்ரீன் நிக்குதுன்னா சிபியு பாதியில தேடுங்க. படம் பளிச்சுன்னு இருக்கு, சத்தம் மட்டும் வரலன்னா 45, 46 பின்னை சந்தேகப்படுங்க. ஃபேமிகாம்ல சத்தம் 45ல கேசட்டுக்குள்ள போய் 46ல திரும்பி வந்துதான் டிவிக்கு போகும், அந்த ரெண்டுல ஒண்ணு ஒட்டலன்னா கேம் ஊமையா ஓடும். காப்பி செட்டு சிலதுல போர்டுலயே நேரா இணைச்சு விட்டிருப்பாங்க, அதுல இந்த அடையாளம் வராது.

ஸ்லாட் மேல பழி போட வேண்டாத கேஸும் உண்டு. மெனு வர்ற மல்டி கேசட்டுல மெனு நல்லாருக்கு, மத்த கேமெல்லாம் ஓடுது, எப்பவும் அதே ஒரு கேம் மட்டும் குழம்புதுன்னா பெரும்பாலும் அந்தக் கேசட்டுக்குள்ள இருக்குற கோளாறு. ஒவ்வொரு தடவை ரீசெட் அடிக்கும்போதும் வேற வேற கேம் வருதுன்னா அது கோளாறே இல்ல, அப்படி மாத்தற மாதிரியே செஞ்ச கேசட் நெறைய இருக்கு.

கேசட்டை துடைக்கறது

கேசட்டை தொறக்காமயே துணியை ஐபிஏல நனைச்சு தகடு மேல துடைங்க, மேலிருந்து கீழ, அதாவது சொருகற திசையிலயே. குறுக்க தேய்ச்சா அழுக்கு ஒரு தகட்டுல இருந்து இன்னொண்ணுக்குதான் போகும், ஓரத்துல முலாம் பிரிஞ்சிருந்தா அதையும் கிளப்பி விட்டுடும். துணி கருப்பா வரும், எடத்தை மாத்தி மாத்தி துடைங்க, கருப்பு வர்றது நிக்கற வரைக்கும். ரெண்டு பக்கமும். அஞ்சு நிமிஷம் காய விட்டு போட்டு பாருங்க, நெறைய பேருக்கு இங்கயே வேலை முடிஞ்சுடும்.

வரலன்னா கேசட்டை தொறங்க. போர்டை வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, மொபைல் கேமரால ஜூம் பண்ணா நல்லா தெரியும். மங்கலா இருந்தா வெள்ளை பென்சில் ரப்பரால அதே திசையில மெதுவா நாலஞ்சு இழுப்பு, பளபளன்னு ஆனதும் நிறுத்திடுங்க, ரப்பர் துகளை பிரஷால தட்டி திரும்ப ஐபிஏ. பேனா மை அழிக்கிற அந்த கரடு முரடான ரப்பர் வேண்டாம். உப்புத்தாள் கூடவே கூடாது. உப்புத்தாள் போட்டா அன்னைக்கு பளபளன்னு இருக்கும், கேமும் ஓடும், ஆனா தங்கம் மொத்தமா போயிடும், கீழ இருக்குற செம்பு நேரா நம்ம கடல் காத்துல நிக்கும், அடுத்த மழைக்காலத்துக்குள்ள முன்ன விட மோசமா களிம்பு ஏறிடும். கடைலயே இத பண்றாங்க, பண்ண வேண்டாம்னு சொல்லுங்க.

பச்சைக் களிம்பு கெட்டியா இருந்தா வெள்ளை வினிகரை பட்ஸ்ல தொட்டு அந்த எடத்துல மட்டும் ஒரு நிமிஷம் தேய்ங்க, உடனே தண்ணி தொட்ட துணியால ரெண்டு மூணு தடவை துடைச்சு கடைசில ஐபிஏ. புளி, எலுமிச்சை வச்சு தேய்ச்சாலும் களிம்பு போகும், ஆனா அதுல இருக்குற சர்க்கரையும் சக்கையும் போர்டுல ஒட்டிக்கிட்டா ஈரத்தை இழுக்கும், அதனால வினிகரே போதும்.

தகடு மேல ஈயத்தை உருக்கி பூசி தடிமன் ஆக்கற பழக்கமும் இருக்கு. போட்டவுடனே கேம் வரும், உண்மைதான். ஆனா அந்த தடிச்ச கேசட் ஸ்லாட்டோட பின்னை அகட்டி விட்டுடும், அப்புறம் சாதா கேசட் எதுவுமே அந்த ஸ்லாட்டுல நிக்காது. ஒரு கேசட்டை காப்பாத்த போய் ஸ்லாட்டை சாகடிக்கிற வேலை அது.

தொறந்த கேசட்டுல கருப்பா ஒரு பொட்டு மாதிரி பிசின் இருக்கும், அதுக்குள்ளதான் சிப். முடியை விட மெல்லிசான கம்பியால போர்டோட சேத்திருப்பாங்க. அந்தப் பொட்டை அழுத்தினா கேம் வருது, விட்டா போகுதுன்னா உள்ள கம்பி விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அத வீட்ல சரி பண்ண முடியாது.

ஸ்லாட்டை துடைக்கறது

அடாப்டரைப் புடுங்கிட்டு செய்ங்க. ஏடிஎம் கார்டு 0.76 மில்லிமீட்டர் தடிமன்தான், கேசட் போர்டு அதை விட தடிமன், அதனால கார்டு மேல வேட்டித் துணியை ஒரு சுத்து இறுக்கமா சுத்தினா ஏறக்குறைய சரியா இருக்கும். ஸ்லாட் அகலத்துக்கு கார்டை வெட்டிக்கலாம். இதை விட நல்லது செத்துப்போன கேசட்டோட போர்டு, அதே அளவு அதே தடிமன், மேல ரொம்ப மெல்லிசான துணி மட்டும் போர்த்தி யூஸ் பண்ணுங்க. தடிமன் அதிகமாகி தள்ளி சொருகற மாதிரி இருந்தா நிறுத்திடுங்க, பின் அகண்டு போகும்.

துணியை ஐபிஏல நனைச்சு பிழிஞ்சு, நேரா உள்ள விட்டு நேரா எடுங்க, ஆட்டாதீங்க. ஏழெட்டு தடவை, கருப்பு வந்தா துணியை மாத்துங்க. அப்புறம் காய்ஞ்ச துணியால ரெண்டு தடவை. அரை மணி நேரம் காய விடுங்க, மழைக்காலம்னா இன்னும் கூட விடுங்க. கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே வச்சிருந்தா எண்ணெய் தங்காத வகைதானான்னு டப்பால படிச்சுட்டு அடிங்க, பூட்டுக்கும் கேட்டு கீலுக்கும் அடிக்கிற துரு ஸ்ப்ரே ஸ்லாட்டுக்குள்ள போனா எண்ணெய்ல தூசி ஒட்டி அடுத்த மாசம் சேறா நிக்கும்.

7805 கால்ல மீட்டர் வைக்க தொறந்ததைத் தவிர, இதுக்கப்புறமும் வரலன்னாதான் செட்டை தொறக்கணும். நெறைய பேர் எடுத்தவுடனே செட்டை தொறந்து ஊசியால பின்னை நெம்பிடறாங்க, அழுக்கு அப்படியே இருக்கும், பின் மட்டும் கோணலாயிடும். தயவு செஞ்சு துடைக்காம பின்னுல கை வைக்காதீங்க.

செட்டை தொறந்து பாக்கறது

ஸ்க்ரூவெல்லாம் ஒரு கிண்ணத்துல போடுங்க, தொறந்தவுடனே நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க, எந்த ஒயர் எங்க போச்சுன்னு அப்புறம் தேடக்கூடாது. ரிமோட்டுக்கு போற ஒயர், நம்ம ஊர்ல ஜாய்ஸ்டிக்கை ரிமோட்னுதானே சொல்வோம், அது காப்பி செட்டுல ரொம்ப மெல்லிசா இருக்கும், இழுத்தா பிச்சுக்கும்.

ஸ்லாட்டுக்குள்ள டார்ச் அடிச்சு மேலிருந்து பாருங்க. ரெண்டு வரிசை பின்னும் நடுவைப் பாத்து ஒரே சீரா வளைஞ்சிருக்கணும். எதாவது ஒண்ணு சுவரோட ஒட்டிக்கிட்டு உள்ள போயிருந்தா அதுதான் ஆளு. தையல் ஊசியை அந்தப் பின்னுக்கும் பிளாஸ்டிக் சுவருக்கும் நடுவுல விட்டு நடுப்பக்கமா லேசா நெம்புங்க, பக்கத்துப் பின்னோட வரிசைக்கு வந்ததும் நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரு நூல் கூட வேண்டாம். ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் வளைச்சா பின் முறிஞ்சுடும். பக்கத்துப் பின்னை தொடற மாதிரி சாய்ஞ்சிருக்கான்னும் பாருங்க.

பின் நல்லாருக்குன்னா போர்டை திருப்பி அடியில பாருங்க. எத்தனையோ வருஷம் கேசட்டை சொருகி புடுங்கினதுல ஸ்லாட் ஆடி ஆடி சால்டர் விட்டுப்போயிருக்கும், பின்னைச் சுத்தி மெல்லிசா வளையம் மாதிரி ஒரு விரிசல் தெரியும். கேசட் போட்டு ஓடும்போது லேசா சாய்ச்சா கேம் போகுது, நிமித்தினா வருதுன்னா இதுவா இருக்க வாய்ப்பு அதிகம். 25 வாட் அயர்ன், 60க்கு 40 ஈயம், கொஞ்சம் ஃபிளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்கு தடவறது). ஒவ்வொரு பின்னுலயும் ரெண்டு மூணு செகண்ட் மட்டும் வச்சு, துளி புது ஈயம் குடுத்து எடுத்துடுங்க. காப்பி செட்டுல பழுப்பு கலர் போர்டா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, சூடு கூடினா செம்பு தகடே உரிஞ்சு வந்துடும். வரிசையா பண்ணாம ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு விட்டு விட்டு பண்ணா ஸ்லாட்டோட பிளாஸ்டிக் உருகாது. முடிச்சதும் பிரஷ்ல ஐபிஏ தொட்டு ஃபிளக்ஸ் கறையை கழுவுங்க. ஈயத்துல கை வச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, பக்கத்துல சின்னப் பசங்களை விடாதீங்க.

மீட்டர் வச்சு 60 பின்னையும் செக் பண்றது

சலிப்பான வேலைதான், ஆனா இத பண்ணா ஊகமே தேவையில்ல. அடாப்டரை புடுங்கிட்டு, தொறந்த கேசட் போர்டை ஸ்லாட்டுல போட்டு, மீட்டரை பஸ்ஸர்ல வைங்க. ஒரு முனை கேசட் தகட்டோட மேல்பக்கம் வெளிய தெரியற எடத்துல, இன்னொரு முனை போர்டுக்கு அடியில அதே பின்னோட சால்டர்ல. பஸ்ஸர் அடிக்கணும். அடிக்காத பின்னை மார்க்கர்ல குறிச்சு வைங்க, ஆட்டினா மட்டும் அடிக்குதுன்னாலும் குறிங்க.

அடுத்து கேசட்டை எடுத்துட்டு பக்கத்துப் பக்கத்துப் பின் ரெண்டு ரெண்டா தொட்டு பாருங்க, அடிக்கக்கூடாது, அடிச்சா சால்டர் பாலம் போட்டிருக்குன்னு அர்த்தம் (சத்தத்தை போர்டுலயே நேரா இணைச்ச காப்பி செட்டுல 45, 46 மட்டும் அடிக்கும், அது கோளாறு இல்ல). கேசட் உள்ள இருக்கும்போது இத பண்ணி பயந்துடாதீங்க, ஏன்னா 45ம் 46ம் கேசட்டுக்குள்ளயே இணைஞ்சிருக்கும், 48, 49 ரெண்டும் பெரும்பாலான கேசட்டுல அப்படித்தான்.

ஸ்லாட்டையே மாத்தணும்னா

பின் முறிஞ்சிருந்தா, இல்ல மொத்தமா அகண்டு போயிருந்தா மாத்தறதுதான் வழி. 60 பின், 2.54 மில்லிமீட்டர் ஃபேமிகாம் ஸ்லாட்னு தேடினா ஆன்லைன்ல கெடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க அங்கயும் கேட்டு பாக்கலாம். இல்லாட்டி பாண்டில ஞாயித்துக்கிழமை மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய எலக்ட்ரானிக்ஸ் பரப்பி வச்சிருக்கறவங்ககிட்ட செத்த செட்டு எதாவது இருக்கான்னு பாருங்க, ஸ்லாட்டுக்காகவே வாங்கலாம், அடாப்டரும் ரிமோட்டும் உபரி.

பழைய ஸ்லாட்டை முழுசா ஒரே தடவைல கழட்ட நெனச்சா போர்டு கிழிஞ்சுடும். பிளாஸ்டிக்கை கட்டிங் பிளேயரால துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டு, பின்னை ஒவ்வொண்ணா அயர்ன் வச்சு சூடாக்கி இடுக்கியால உருவுங்க. அப்புறம் ஓட்டைல அடைச்ச ஈயத்தை சால்டர் சக்கர்ல (ஈயம் உறிஞ்சற பம்ப்) உறிஞ்சுங்க. புது ஸ்லாட்டை வச்சு முதல்ல நாலு மூலை மட்டும் சால்டர் பண்ணி, கேசட்டை போட்டு நேரா நிக்குதா, மேல் மூடி ஓட்டைக்கு சரியா வருதான்னு பாத்துட்டு மிச்சத்தை பண்ணுங்க. செட்டு போர்டுல இருந்து ஸ்லாட்டுக்கு தனியா ரிப்பன் ஒயர் போற மாதிரி இருந்தா ஸ்லாட்டை விட அந்த ஒயர் முனையிலதான் பெரும்பாலும் விட்டிருக்கும், அத முதல்ல பாருங்க.

வேற மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு

என்இஎஸ், முன்பக்கமா கேசட்டை தள்ளி கீழ அமுக்கற மாடல், அமெரிக்காவுல 1985ல வந்தது, 72 பின். இதுல பவர் லைட் செகண்டுக்கு ஒரு தடவை மாதிரி விட்டு விட்டு எரிஞ்சா உள்ள இருக்குற பூட்டு சிப்பும் கேசட்ல இருக்குற அதோட ஜோடி சிப்பும் பேசிக்க முடியலன்னு அர்த்தம், அது செட்டை ரீசெட் பண்ணிக்கிட்டே இருக்கும். நம்ம காப்பி செட்டுல இந்த சிப்பே கெடையாது. இந்த 72 பின் கனெக்டர் சால்டர் பண்ணது இல்ல, போர்டு ஓரத்துல சொருகி வச்சதுதான், அதனால உருவி எடுத்து கேசட் பக்கம், போர்டு பக்கம் ரெண்டையும் துடைக்கலாம், போர்டோட தகட்டையும் மறந்துடாதீங்க. உருவின கனெக்டரை கேன் தண்ணில இருபது நிமிஷம் மாதிரி கொதிக்க வச்சு, நல்லா உதறி ஒரு நாள் முழுக்க காய வச்சு போட்டா பழையபடி பிடிக்கும், நெறைய பேர் பண்றது, நானும் இததான் சொல்வேன். புதுசா விக்கிற கனெக்டர் பல ரொம்ப டைட்டா இருக்கு, கேசட்டை வெளிய எடுக்கவே முடியாது, அதனால பழசை காப்பாத்த முடிஞ்சா காப்பாத்துங்க.

மெகா டிரைவ் 64 பின், ஸ்லாட் சால்டர் பண்ணது, மேல சொன்ன எல்லாமே பொருந்தும். மாடல் 1க்கும் மாடல் 2க்கும் அடாப்டர் பிளஸ் மைனஸ் தலைகீழ்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

கேம்பாய்ல ஆன் பண்ணதும் எறங்கி வர்ற நின்டென்டோ லோகோ கேசட்ல இருந்துதான் படிக்கப்படுது. உள்ள இருக்குறதோட அது ஒத்துப்போகலன்னா மெஷின் அங்கயே நின்னுடும். கருப்பு கட்டமா எறங்கினா கேசட் இருக்குறதே தெரியல, கோணல் மாணலா எறங்கினா சில தகடு மட்டும் ஒட்டல. மெஷினே நமக்கு டெஸ்ட் பண்ணி காட்டுது.

நின்டென்டோ 64ல கேசட்டை எவ்ளோ துடைச்சும் ஒண்ணுமே வரலன்னா முன்பக்க மூடியை தொறந்து ஜம்பர் பேக்னு சொருகி வச்ச சின்ன கட்டை இருக்கான்னு பாருங்க, அதுவோ, அதுக்கு பதிலா போடற எக்ஸ்பான்ஷன் பேக்கோ இல்லாம செட்டு ஸ்டார்ட் ஆகவே ஆகாது. அதோட தகடும் அழுக்காகும்.

வெள்ளத்துல நனைஞ்ச செட்டு

2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர்ல ஃபெஞ்சல், நம்ம பக்கம் எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு சொல்லவே வேண்டாம். சேத்துத் தண்ணி பட்ட செட்டை வெயில்ல காய வச்சு ஆன் பண்ணிடாதீங்க, தண்ணி போனாலும் உப்பும் சேறும் உள்ளயே நிக்கும். தொறந்து, போர்டை நல்ல தண்ணில பிரஷ் போட்டு கழுவி, கடைசியா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசு, அப்புறம் ஐபிஏ ஊத்தி ஃபேன் காத்துல ரெண்டு நாள். பேட்டரி வச்ச கேசட்டா இருந்தா அந்த பேட்டரியை முதல்ல கழட்டிடணும், அதோட பழைய சேவ் எல்லாம் போயிடும், வேற வழியில்ல. டிவியோட பின் மூடியை மட்டும் யாரும் தொறக்காதீங்க, பழைய குண்டு டிவிக்குள்ள ஆஃப் பண்ண அப்புறமும் ஆளை அடிக்கிற அளவு வோல்டேஜ் நிக்கும்.

எடுத்து வைக்கறது

சரி பண்ண செட்டை திரும்ப அதே பரண்ல தூக்கி போட்டா அடுத்த ஐப்பசி கார்த்திகை தாண்டாது. ஒவ்வொரு கேசட்டையும் ஜிப் கவர்ல போட்டு உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட், புது ஷூ டப்பால வர்றதே போதும். மொத்தத்தையும் இறுக்கி மூடற பிளாஸ்டிக் டப்பால வைங்க. அந்துருண்டை போடாதீங்க, அதோட ஆவி பட்டு சில பிளாஸ்டிக் இளகி பிசுபிசுன்னு ஆயிடும். ஸ்லாட் வாயை திறந்து விடாதீங்க, மூடி இல்லாட்டி சுத்தமா துடைச்ச கேசட் ஒண்ணை அதுல சொருகி வைக்கலாமேன்னு தோணும், மாசக்கணக்குல அப்படி விட்டா பின் அகண்ட நெலையிலயே இருக்கும், அதனால கெட்டி அட்டையை அளவா வெட்டி மேல மூடி டேப் ஒட்டிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து ரெண்டு கேம் ஆடிட்டு, ஆஃப் பண்ண அப்புறமா கேசட்டை நேரா மேல தூக்கி எடுத்து, தகட்டை காய்ஞ்ச துணியால ஒரு துடை துடைச்சு உள்ள வைங்க.